நீ கவிழ்த்துக் காட்டிய டம்ளர்

தினமும் இரண்டு வேளை எனக்கு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய என் அண்ணாவுக்கு,

எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் காலி எண்ணெய் டின் அடுக்கி வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அம்மா எழுந்து வந்தால் பரீட்சைக்குப் படம் வரைகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகவே பக்கத்தில் ஒரு இந்தியா மேப்பைப் பாதி வரைந்து வைத்திருக்கிறேன். வங்காளம் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

நாளைக் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் அப்பா தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்க சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவர் வாசலை விட்டு இறங்குவதற்குள் நான் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று உன்னைப் பற்றியது. இன்னொன்று என் காலைப் பற்றியது. சொல்லாமல் இருந்துவிட்டால் நாளைக்கு எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வழக்கம் போலப் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அப்படிப் போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அப்பா இப்போது ரயிலில் ஏறுவதில்லை. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனால் அந்த மேம்பாலப் படியைப் பார்க்க வேண்டி வரும் என்று தர்மபுரியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலேயே சேலம் போகிறார். மில்லில் அதே மேஸ்திரி வேலைதான். வேலை முடிந்து வரும்போது சட்டையில் அதே கடலை எண்ணெய் வாசனை. நம் வீட்டுக் குழம்பில் மட்டும் இன்னும் எண்ணெய் கிடையாது. யாருக்காக என்று அம்மாவும் கேட்பதில்லை, அப்பாவும் சொல்வதில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, உன் கை முட்டிகளில் மஞ்சளாகப் புடைப்பு வந்தபோது மரு என்று சொல்லி அம்மா சுண்ணாம்பு வைத்தாள். தோல்தான் வெந்தது. அப்புறம் முழங்கையில், அப்புறம் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பில் தடிப்பாக. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் சேலம் கூட்டிப் போனார்கள். கட்டியைப் பார்த்த உடனே டாக்டர் உனக்கும் அப்பாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் முந்நூற்று எண்பது. உனக்கு எழுநூற்று அறுபது. அம்மாவுக்கு எடுக்கவில்லை. எனக்கும் எடுக்கவில்லை. அப்பனுக்கும் மகனுக்கும் வந்திருக்கிற சீக்கு என்று எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்தத் தூள் வந்தது. மில்லுக்கு லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் மாதம் ஒரு முறை பெங்களூரில் ஒரு மருந்துக் கடையிலிருந்து வாங்கி வருவார். உனக்கும் அப்பாவுக்கும் ஒரே தூள், ஒரே அளவு. காலையும் மாலையும் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். நீ ஒழுங்காகக் குடிக்கிறாயா என்று பார்ப்பது என் வேலை. அப்பாதான் என்னைக் காவலுக்கு வைத்தார். "பாப்பா, அவன் முழுங்குற வரைக்கும் நீ அந்த எடத்த விட்டு நகரக் கூடாது" என்றார்.

நீ சிரித்தாய். அன்றிலிருந்து எனக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர். குடித்து முடித்ததும் டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து என் உள்ளங்கையில் வைப்பாய்.

"பாருங்க இன்ஸ்பெக்டரம்மா. ஒரு சொட்டு இருந்தா என்னயப் புடிச்சு ஜெயில்ல போடுங்க."

"அடியில ஒட்டிட்டிருக்குது."

"அது டம்ளரோட ஈயம்டி. அதையும் நக்கச் சொல்றியா?"

ஒரு வேளை கூட நீ தவறவில்லை. எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அப்பாவுக்கு இருநூற்று எழுபதாக இறங்கியிருந்தது. உனக்கு எழுநூற்று ஐம்பது. அப்போது இருந்த டாக்டர் உன்னை மேலும் கீழும் பார்த்து, "வெளிய என்னென்ன திங்கிறான்னு பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னாராம். அந்தச் சீட்டோடு அப்பா வீட்டுக்கு வந்த சாயங்காலத்தைத்தான் நான் எழுத வேண்டும். எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அப்பா முதலில் உன்னைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "ஒரே மருந்து. எனக்கு எறங்குது, இவனுக்கு எறங்கல. நீ என்னத்தப் பாத்த?" அவர் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம். அடி எனக்கு விழும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரம் ஊரிலிருந்து ரயிலில் வந்த அத்தையைக் கூட்டி வர நான் போனபோது, ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நீ போண்டா தின்றதைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"போண்டாவா?" என்றார் அப்பா. "எண்ணெய் மில்லுல இருந்துகிட்டு வூட்ல ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தாம நாங்க திங்கிறோம். தொரைக்குப் போண்டாவா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப தூளும் குடிக்கிறதில்ல. அப்படித்தான?"

நான், "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

நீ சுவரோரம் நின்றிருந்தாய். என்னைப் பார்த்தாய். "ஏய் சுமதி, சொல்லுடி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் அண்ணா சொல்லவில்லை? அப்பாவின் பெல்ட் முதுகில் விழுந்தபோதும் நீ, "ஒரு போண்டாதாம்ப்பா, பசிச்சுது" என்று மட்டும்தான் சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ சாயங்காலத் தூளை மில்லில் போய், லோடு ஏற்றும் ஆட்களுக்கு முன்னால் நின்று குடிக்க வேண்டியதாயிற்று. "வாடா போண்டா மாஸ்டர், கஷாயம் ரெடி" என்று அவர்கள் கூப்பிடுவார்கள் என்று நீயே சிரித்துக்கொண்டு வந்து சொன்னாய். காலையில் மட்டும் வீட்டில். நான் உன் பக்கமே வராமல் சமையல் கட்டில் ஒளிந்துகொள்வேன். நாலு நாள் பார்த்துவிட்டு நீ அங்கே வந்து டம்ளரை என் தலை மேல் கவிழ்த்து வைத்தாய். "என்னா இன்ஸ்பெக்டரம்மா, லீவுல போயிட்டீங்களா?" நான் அழுதேன். தலையில் மோர் ஒழுகியதால் அழுகிறேன் என்று நினைத்தாயா? இல்லை, தெரிந்துதான் வந்தாயா?

அந்தக் கடைசி நாளும் குடித்துவிட்டுத்தான் போனாய். அப்பா பல் துலக்கிக்கொண்டே, "குடிச்சியாடா?" என்றார். நீ டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாய். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடத்தூர் பஸ் லேட். மொரப்பூர் போய்ச் சேர்ந்தபோது சேலம் ரயில் வந்து நின்றுவிட்டது. ஐ.டி.ஐ.யில் லேட் மார்க் விழும் என்று ஓடினாய். மேம்பாலப் படியில் பாதியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன்னோடு படித்த பழனி வந்து சொன்னான். உனக்குப் பதினேழு வயதுதான்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். மருந்து இருந்தும் குடிக்காமல் போய்விட்டான் என்றார்கள். பெரியப்பா, "சொன்னா கேக்குற பையனா இருந்தா இருந்திருப்பான்" என்றார். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேள். அப்பாவுக்குத் திரும்ப ரத்தம் பார்க்கும் நாள். அம்மாவும் நானும் கூடப் போனோம். பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது ஒரு டாக்டரம்மா இருக்கிறார். உன் சீட்டையும் அப்பா சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"என்னயப் பெத்த அம்மாவோட தம்பிதாங்க இவரு" என்றாள் அம்மா. "எங்க பக்கம் தாய்மாமனத்தாங்க கட்டுவோம்."

"உங்க அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கையில தண்ணி சேந்தும்போது நெஞ்சப் புடிச்சிக்கிட்டு கெணத்து மேட்டுலயே உழுந்துட்டாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அப்பா அதற்குள் தன் பழைய பாட்டை ஆரம்பித்துவிட்டார். "பையன் ஒழுங்கா மருந்து குடிக்கலீங்க. குடிச்சிருந்தா எனக்கு எறங்குன மாதிரி அவனுக்கும்..."

"எறங்கியிருக்காதுங்க" என்றார் டாக்டரம்மா. "மூட்டை மூட்டையாக் குடிச்சிருந்தாலும் எறங்கியிருக்காது."



அவர் சொன்னதை என்னால் முடிந்த மாதிரி உனக்குச் சொல்கிறேன். நம் கல்லீரலில் சின்னச் சின்னக் கதவு மாதிரி இருக்கிறதாம். ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை அந்தக் கதவுகள்தான் பிடித்து உள்ளே இழுக்குமாம். அந்தக் கதவைச் செய்யத் தெரிந்த பங்கு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் பிறக்கும்போதே வருகிறதாம். அப்பாவுக்கு ஒரு பங்கு நல்லது, ஒரு பங்கு பழுது. அதனால் பாதிக் கதவு இருக்கிறது. தூள் போய், இன்னும் கதவு போடு என்று கல்லீரலை விரட்டுகிறது. இருக்கிற நல்ல பங்கை வைத்து அது போடுகிறது. கொழுப்பு இறங்குகிறது.

"பையனுக்கு ரெண்டு பங்குமே பழுதா வந்திருக்குங்க" என்றார். "போடு போடுன்னு வெரட்டுனா, எதை வெச்சுப் போடும்? அது அவன் தப்பும் இல்ல. தூளோட தப்பும் இல்ல."

அப்பா மேசையிலிருந்த உன் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு போண்டா தின்னான்னு அடிச்சேங்க" என்றார்.

"ஒரு போண்டாவால ஒண்ணும் ஆகலீங்க."

அம்மா அப்போதுதான் பேசினாள். "ரெண்டு பங்குன்னா... ஒண்ணு இவருகிட்டருந்து. இன்னொண்ணு?" என்று நிறுத்தினாள். "எங்க அம்மா எனக்குக் குடுத்து, நான் அவனுக்குக் குடுத்தேனா?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்து வந்து அம்மா தோளில் கை வைத்தார். "நீங்க அறிஞ்சு குடுத்தது இல்லம்மா. உங்களுக்கும் ரத்தம் பாக்கணும். முக்கியமா இந்தப் பொண்ணுக்குப் பாக்கணும். இவளுக்கு எங்கயாவது கட்டி, தடிப்பு இருக்கா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா.

நான் பெஞ்சுக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டேன்.

அண்ணா, இருக்கிறது. வலது குதிகாலுக்கு மேலே, உனக்கு இருந்த அதே இடத்தில். அம்மாவுக்குத் தெரியும். செருப்புக் கடித்தது என்று சொல்லிக்கொண்டு தினமும் விளக்கெண்ணெய் தடவுகிறாள். பாவாடையைக் கீழே இறக்கித் தைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் என் காதோரம் சொன்னாள்: "பொட்டப் புள்ளைக்கு ரத்தம் எடுத்தாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு உன்ன யாரு கட்டுவா கண்ணு? சேகரே வேண்டாம்னுருவான்." சேகர் மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி. பத்தாவது பரீட்சை முடிந்ததும் என்னை அவருக்குத்தான் என்று பேசி வைத்திருக்கிறார்கள். அவரும் அந்தக் கிணற்று மேட்டில் விழுந்தவருக்குப் பிறந்தவர்தானே? அவரிடம் எந்தப் பங்கு இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? நான் கேட்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் என்னை ஏமாற்றவில்லை அண்ணா. அவளுக்கு இன்னொரு சீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். திட்டாதே. உன் டிரங்குப் பெட்டியில் ஐ.டி.ஐ. காக்கிச் சட்டைக்கு அடியில், அந்தக் கடைசி மாதத்துக்கு வாங்கியதில் உன் தூள் பாக்கெட் பதினொன்று மிச்சம் இருந்தது. தடிப்பு தெரிந்த நாளிலிருந்து யாருக்கும் தெரியாமல் அதை நான் குடிக்க ஆரம்பித்தேன். மோர் எடுத்தால் அம்மாவுக்குத் தெரியும் என்று வெறும் தண்ணீரில். எவ்வளவு கலக்கினாலும் கரையாது இல்லையா? ஆற்று மணலைக் குடிக்கிற மாதிரி தொண்டையில் நிற்கிறது. வயிறு கல்லாகிவிடுகிறது. இதையா நீ தினமும் இரண்டு வேளை சிரித்துக்கொண்டு குடித்தாய்? இதைக் குடித்துவிட்டா என்னிடம் ஜோக் அடித்தாய்?

ஒன்பது பாக்கெட் குடித்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அப்படியேதான் இருக்கிறது. சில நேரம் பெருத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் அப்பா மாதிரியா, உன் மாதிரியா? அப்பா மாதிரி என்றால் இந்தத் தூள் எனக்கு வேலை செய்யும். உன் மாதிரி என்றால்? கணக்கு வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கும்போது கூட இதுதான் ஓடுகிறது. விளையாட்டு மணியில் ஓடச் சொன்னால் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறேன். உட்கார்ந்துகொண்டு நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். ஓடாமலேயே அடித்துக்கொள்கிறது.

தொட்டுப் பார்த்தெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது என்று அன்றைக்கே டாக்டரம்மா பொதுவாகச் சொன்னார். கொழுப்பு படிந்த கட்டி கரைய வருஷக்கணக்காகும், ரத்தம்தான் சொல்லும் என்றார். ரெண்டும் பழுதாக இருந்தாலும் சும்மா விட்டுவிட மாட்டோம், வேறு வழி பார்ப்போம், சீக்கிரம் தெரிந்தால் நல்லது என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் இழுத்துக்கொண்ட காலை அவர் பார்த்திருப்பாரோ?

நேற்றுச் சாயங்காலம் நடந்ததற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்பா மில்லிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மா தூளைக் கலக்கிக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். டம்ளரை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். உன்னைப் போலவே. மில்லில் நீ ஆட்களுக்கு முன்னால் அப்படித்தான் செய்திருப்பாய் போல. அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு பார்த்திருக்கிறார்.

"பாப்பா" என்றார். "உன்னயக் காவலுக்கு வெச்சிருந்தேனே. காலையில, நான் பாக்காத நேரத்துலயும், அவன் குடிச்சான்தான?"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கடலை மூட்டைக்கு அடியில் கை சிக்கிக்கொண்டபோது கூட அவர் அப்படி இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஆனால் ஆமாம் என்று சொன்னால், அன்றைக்குத் தெரியாது என்று சொன்னது பொய் என்று ஆகிவிடும். உன் முதுகில் விழுந்தது என்னால்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மருந்து வேலை செய்யாதது உன் பிறப்பில் வந்தது. நீ பொய்யன் என்று பெயர் வாங்கியது என் வாயால் வந்தது.

"அடுப்புல பால் இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது அவர் அந்த டம்ளரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருந்தார்.

ஒவ்வொரு முறையும் நான் பயத்தால்தான் வாயை மூடினேன், அண்ணா. அன்றைக்கு அடிக்குப் பயந்து. ஆஸ்பத்திரியில் சீட்டுக்குப் பயந்து. அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததில் நீ தனியாக நின்றாய். இப்போது பேசாமல் இருந்தால் நான் தனியாக நிற்பேன். இந்த டின் அறையில், தண்ணீரில் மணலைக் கலக்கிக்கொண்டு, யாரும் காவல் இல்லாமல்.

மீதி இரண்டு பாக்கெட்டும் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை இனிமேல் நானாகக் குடிக்க மாட்டேன். நாளை விடிவதற்குள் எழுந்துவிடுவேன். அம்மா அப்பாவுக்குத் தூளைக் கலக்க வரும்போது நானே மோரை வாங்கிக் கலக்குவேன். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். பிறகு சொல்வேன். "அண்ணன் குடிச்சுதுப்பா. ஒரு வேளை கூட விடல. நான்தான் பொய் சொன்னேன்." அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அடித்தால் அடிக்கட்டும்.

அடித்து முடித்த பிறகும் பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். பாவாடையைத் தூக்கி வலது காலை அவர் முன்னால் வைப்பேன். அம்மா என்னை உள்ளே இழுப்பாள். நான் போக மாட்டேன். ஐந்தரை பஸ்ஸில் நானும் ஏறுவேன். முடிந்தால் அம்மாவையும் ஏற்றுவேன். சீட்டில் என்ன வந்தாலும், முந்நூறோ எழுநூறோ, உனக்குத்தான் முதலில் சொல்வேன். இது சத்தியம்.

எழுத்து கோணுகிறது. நீ படித்துக்கொள்வாய்.

நீ குடித்ததைக் கண்ணால் பார்த்தவள்,
உன் தங்கச்சி
சுமதி